பழைய இங்கிலீஷ் பியானோ யார் யார் கை மாறி வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி

வன்னியில் பழைய பியானோ வைத்திருப்பவர்களிடம் போய் ரசீது கேட்டுப் பயனில்லை, 2009இல் காணி உறுதியையே தொலைத்துவிட்டு வந்த சனம் நாங்கள். ஆனால் பியானோப் பெட்டி தப்பியிருந்தால் பாதிக் கதை அதற்குள்ளேயே இருக்கும். அதனால் முதலில் துடைக்காதீர்கள், பொலிஷ் போடாதீர்கள். பென்சில் எழுத்துத்தான் முதலில் அழியும்.

மேல்மூடியைத் திறந்து ரோச் அடித்துப் பாருங்கள். இரும்புச் சட்டத்திலோ கம்பி முறுக்கும் ஆணிகள் இறங்கியிருக்கிற பலகையிலோ தொடர் எண் இருக்கும். பெயர்ப் பலகையில் உள்ளதையும் எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெயரே காலம் சொல்லும்: லண்டனில் பியானோ செய்த பிராட்வுட் கம்பனியில் 1795இல் முதலாளியின் ஒரு மகன் சேர்ந்ததும் பெயரோடு 'அன்ட் சன்' சேர்ந்தது, 1808இல் இன்னொரு மகனும் வந்ததும் அது 'அன்ட் சன்ஸ்' ஆனது. சதுரப் பியானோ, நிமிர்ந்த பியானோ, கிராண்ட் மூன்றுக்கும் அவர்கள் தனித்தனி எண்வரிசை வைத்திருந்தார்கள், ஆகவே எந்த வகை என்றும் எழுதிவைக்க வேண்டும். அவர்களுடைய பழைய புத்தகங்கள் இங்கிலாந்தில் வோக்கிங் நகரின் சர்ரே ஹிஸ்டரி சென்டரில் இருக்கின்றன, எந்தப் பியானோ எந்த நாள் யாரிடம் போனது என்று பதிந்த புத்தகங்களும் அதில் உண்டு.

முதலில் வாங்கியவருக்குப் பிறகு யார் கைக்கு வந்தது என்பதைப் பெட்டியில்தான் தேட வேண்டும். 1817இல் அதே கம்பனியின் தோமஸ் பிராட்வுட் பீத்தோவனுக்கு அனுப்பிய பியானோவில் லண்டன் இசைக்கலைஞர்கள் ஐவரின் கையெழுத்து இருக்கிறது. அது பிறகு பியானோ மேதை பிரான்ஸ் லிஸ்ட் கைக்குப் போய், இப்போது புடாபெஸ்டில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நம்முடையதில் விரலால் அழுத்தும் கட்டைகளில் இடது கடைசிக் கட்டையை மெல்ல எடுத்து அதன் பக்கவாட்டைப் பாருங்கள். செய்தவர் பெயரும், சுருதி சேர்க்க வந்தவர்கள் போட்ட திகதிகளும் பெரும்பாலும் அங்கேதான். எங்கள் அம்மப்பாவின் பியானோவில் அந்த இடத்தில் 'மாங்குளம்' என்று சாய்வாக எழுதியிருந்தது, கறையான் அரித்த ஓரத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி.

அப்புறம் வயதானவர்களிடம் 'எந்த வருஷம் வாங்கினீர்கள்' என்று கேட்காதீர்கள். எந்த வாசலால் உள்ளே வந்தது, யார் தூக்கினது என்று கேளுங்கள். அம்மம்மாவுக்கு வருஷம் நினைவில்லை, ஆனால் மாங்குளம் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் வந்ததும், அன்று சின்னச் சித்தி கைக்குழந்தை என்பதும் தெரிந்தது. அது போதும், பிறப்புச் சான்றிதழ் மிச்சத்தைச் சொல்லும்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு அனுப்ப நினைத்தால் கட்டை மேல் ஒட்டியிருப்பது யானைத்தந்தமா என்று முதலில் பாருங்கள், தந்தமென்றால் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி இல்லாமல் கப்பலேற்றக் கூடாது. எடுத்த கட்டையைத் திரும்ப வைக்கும்போது அதிலுள்ள எண்ணைப் பார்த்து அதன் இடத்திலேயே வையுங்கள், மாறினால் பக்கத்துக் கட்டையோடு உரசும்.