உரோம வெண்கலக் காசு: கழுவும்போதும் படிக்கும்போதும் நேரும் தவறுகள்

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் இலங்கையின் தென்பகுதியிலும் கிடைத்துள்ள உரோமக் காசுகளில் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் சிறு வெண்கலக் காசுகளும் உண்டு. பெரும்பாலானவை 20 மி.மீ.க்கும் குறைவான அகலமே உள்ளவை.

அவற்றைக் குத்துவிளக்கு துலக்குவதுபோலப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. தேய்ந்த காசில் எழுத்தின் விளிம்பும் தலைமுடியின் கோடும் பெரும்பாலும் மேலே படிந்துள்ள பச்சைப் படலத்தில்தான் நிற்கின்றன. அமிலம் படலத்தைக் கரைத்தால் உருவமும் சேர்ந்து போய்விடும். குழாய்த் தண்ணீரில் உலோகத்தை அரிக்க உதவும் குளோரைடு இருக்கும். ஆகவே காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி, இளகிய மண்ணைப் பல்குத்தும் மரக்குச்சியால் நெம்புங்கள். வாரக்கணக்கில் ஆகும், பொறுக்கத்தான் வேண்டும். துடைத்த பிறகும் வெளிர்பச்சைப் பொடி பூத்தால் அது வெண்கல நோய். உள்ளே இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது. அந்தக் காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு உலர்வாக வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

இனி உருவங்கள். தலைக்கவசம் அணிந்த முகத்தைப் பார்த்ததும் பேரரசர் என்று எழுதிவிடக் கூடாது. சுற்றிலும் ‘உர்ப்ஸ் ரோமா’ (VRBS ROMA) என்று இருந்தால் அது ரோமா நகரத் தேவி. திருப்பிப் பார்த்தால் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாயும், மேலே இரண்டு விண்மீன்களும் தெரியும். சிறகு முளைத்த பெண் தேவதூதர் அல்ல, வெற்றித் தேவி விக்டோரியா. பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறித்தவத்தை ஆதரித்தவர் என்பதால் சூரியக் கடவுள் உள்ள காசு அவருடையதாக இருக்காது என்று ஒதுக்குவதும் பிழை. அவர் கிறித்தவத்தின் பக்கம் திரும்பிய 312க்குப் பிறகும் சில ஆண்டுகள் அவர் காசுகளில் சூரியன் நின்றான்.

இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்கும் காசில் நடுவே உள்ள படைக்கொடிகளை எண்ணாமல் விடாதீர்கள். இரண்டு கொடி என்றால் ஏறத்தாழ 330–335. ஒன்றே என்றால் அதற்குப் பின்பு, எடையும் குறைந்திருக்கும். எழுத்து தேய்ந்துபோன காசுக்கும் காலம் சொல்ல இதைவிட எளிய வழி இல்லை.

பின்பக்கத்தில் உருவங்கள் நிற்கும் தரைக்கோட்டுக்குக் கீழுள்ள எழுத்துகளை ஆண்டு என்று படிப்பவர்கள் பலர். அவை காசு அடித்த அக்கசாலையின் குறி: ‘கான்ஸ்’ (CONS) என்று தொடங்கினால் பெரும்பாலும் கான்ஸ்டான்டினோப்பிள்.

எழுத்து சிதைந்து, உருவம் கோணலாக இருக்கும் சிறு காசை உடனே போலி என்று எறியாதீர்கள். இலங்கையில் உரோமக் காசுகளைப் பார்த்து அக்காலத்திலேயே உள்ளூரில் காசுகள் செய்தார்கள். கிடைத்த இடத்தைக் குறித்து வைத்தால்தான் அதைப் பிரித்தறிய முடியும்.