நிலாவரையும் கீரிமலையும்: யாழ்ப்பாணத்துத் தண்ணீர்க் குகைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

டோர்ச் லைற்றோடு உள்ளே நுழைந்து நடந்து திரிகிற குகையை எதிர்பார்த்து யாழ்ப்பாணத்துக்குப் போனால் ஏமாற்றந்தான் மிஞ்சும். குடாநாட்டின் பெரிய குகைகள் தண்ணீருக்குள் கிடக்கின்றன. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் இங்கே ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. மழைத்தண்ணி நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கும்போது மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, கீழே கிடக்கும், மயோசீன் என்ற மிகப் பழைய காலத்துச் சுண்ணக்கல்லை அரிக்கிறது. வெடிப்பு பிளவாகி, பிளவு குகையாகி, சில இடங்களில் கூரை இடிந்து விழுந்துவிட்டது. அப்படி விழுந்து வாய் திறந்த இடந்தான் நிலாவரை. நிலத்தடித் தண்ணி கடலோரம் ஊற்றாக வெளிப்படுமிடம் கீரிமலை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

காலையில் கீரிமலை, உச்சி வெயிலில் நிலாவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதை மாறிச் செய்கிறார்கள். கீரிமலையிலுள்ள நகுலேஸ்வரம் சிவன் கோவிலில் கும்பிட வேண்டுமென்றால் மத்தியானம் நடை சாத்துவதற்கு முன் போக வேண்டும். நிலாவரையிலோ சூரியன் தலைக்கு மேலே நிற்கும்போதுதான் வெளிச்சம் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கும். காலையிலும் பின்னேரத்திலும் வானத்தின் நிழல்தான் மேலே தெரியும். போலறைஸ்ட் கறுப்புக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், மேற்பரப்பின் பளபளப்புக் குறையும்.

கீரிமலைக்கு யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் மல்லாகம், தெல்லிப்பழை தாண்டி மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலடியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். மாற்றுடுப்பும் துவாயும் கொண்டு போங்கள். படிகள் பாசி பிடித்துச் சறுக்கும். வயதானவர்களைக் கையில் பிடித்தே இறக்குங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கேணிக்கு அப்பால் கடலில் இறங்குவது புத்தியல்ல. வெளிநாட்டுப் பிள்ளைகளின் கோடை விடுமுறையில்தான் ஆடி அமாவாசையும் வரும். பிதிர்க்கடன் செய்ய வருபவர்கள் நிறைந்து வழியும் நாள் அது. அந்தக் கடமைக்கென்று வராதவர்கள் வேறு நாள் பார்ப்பது நல்லது.

திரும்பும் வழியில் சுன்னாகத்திலிருந்து புத்தூர்ப் பக்கம் போகும் வீதியைப் பிடித்தால் நவக்கிரி நிலாவரை. சின்னக் கேணி போலத் தெரியும், ஐந்து நிமிடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு ஓட்டோ ஏறிவிடுகிறார்கள். இராமர் அம்பு ஊன்றி எடுத்த தண்ணி, அடியே கிடையாது, இதில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அடி இருக்கிறது. 2016இல் கடற்படைச் சுழியோடிகள் இறங்கி அளந்தபோது ஆழம் ஏறத்தாழ 55 மீற்றர். அடியில் பழைய மாட்டு வண்டில்களையும் கண்டார்கள். தேசிக்காய்க் கதையை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனால் இந்தச் சுண்ணக்கல்லில் தண்ணி பிளவு வழியே நெடுந்தூரம் ஓடும் என்பது உண்மை.

நிலாவரையில் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. கடல்நீர் நன்னீரைவிடக் கொஞ்சம் பாரமானது. அதனால் நன்னீர் அதன்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் தாங்கும் என்பது கணக்கு. மேலிருந்து அரை மீற்றர் குறைந்தால் கீழிருந்து உப்பு 20 மீற்றர் ஏறலாம். மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்த தோட்டக் கிணறுகள் சவராகிப்போன காரணம் இதுதான்.

நிலாவரையில் நீந்த வேண்டாம். ஓரம் செங்குத்தானது, காலூன்ற இடமில்லை. சுழியோடப் படித்த பிள்ளைகள் கூட வந்தால் ஆசை வரும், அவர்களுக்கும் இதையே சொல்லுங்கள். தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீற்றருக்குத்தான், பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லையே 40 மீற்றர். குகை என்றால் நேரே மேலே வர வழியில்லை. துடுப்பின் ஒரு அடியில் வண்டல் கிளம்பிக் கண் மறைந்துவிடும். வழிக்கயிறு வேண்டும், காற்றில் மூன்றிலொரு பங்கு போக, ஒரு பங்கு வர, மீதி ஆபத்துக்கு என்ற ஒழுங்கு வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. போதாததற்கு, இது தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பிலுள்ள இடம். அனுமதியின்றி யாரும் இறங்க முடியாது.

கீரிமலைப் பக்கமான வலிகாமம் வடக்கில் வேறு குகை, பிலம் இருக்கிறது என்று யாராவது கைகாட்டினால் பத்தைக்குள் இறங்கிப் போகாதீர்கள். நெடுங்காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்த நிலம் அது. கட்டில்லாத பாழ்கிணறுகளைப் புல் மூடியிருக்கும். மிதிவெடி எச்சரிக்கையாக மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். பாழ்கிணற்றுக்குள் விழுந்த கைபேசியை எடுக்கவும் இறங்கக்கூடாது, அடியில் ஒட்சிசன் இல்லாமலிருக்கலாம்.

உப்பளவு பார்க்கும் பேனா போன்ற மலிவான கருவி ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் பயணம் இன்னும் சுவைக்கும். கீரிமலை, நிலாவரை, சொந்த வீட்டுக் கிணறு மூன்றிலும் அளந்து பாருங்கள். கரைந்த உப்புக்கள் லீற்றருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நல்ல சுவை, 1000 தாண்டினால் நாக்குக்கே தெரியும். ஆனால் அந்தக் கருவி நைத்திரேற்றைத் தனியாகக் காட்டாது. பசளையும் மலக்குழிக் கழிவும் இதே பிளவுகளால்தான் கிணற்றுக்கு வருகின்றன. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. தண்ணி வற்ற வற்ற அதன் செறிவு கூடும். நைத்திரேற்று கைக்குழந்தைக்கு ஆபத்து என்பதால், பால்மா கரைக்கிறவர்கள் கிணற்றுத் தண்ணியை விட்டுவிட்டுப் போத்தல் தண்ணி வாங்குங்கள்.