கம்பஸ் போற பிள்ளையளுக்கு உதவிக்காசு எடுக்கிறது எப்பிடி

ஏ.எல் (உயர்தர) ரிசல்ட் வந்த கையோட வீட்டில எல்லாரும் கம்பஸ் அனுமதிக்குப் பாக்கிற இசட் ஸ்கோர், கட் ஓஃப் புள்ளியள் எண்டுதான் கதைக்கிறது, காசைப் பற்றி யோசிக்கிறது கம்பஸ் தொடங்கினாப் பிறகுதான். அதுக்குள்ள பாதி விண்ணப்பங்கள் முடிஞ்சிடும். இலங்கையில 1945ல இருந்து இலவசக் கல்வி இருக்கு, அரச கம்பஸ்ல படிப்புக்குக் காசு இல்லைத்தான், ஆனா எங்கட யாழ்ப்பாணத்துப் பிள்ளையளுக்குத் திருநெல்வேலியில இருக்கிற யாழ்ப்பாணக் கம்பஸ் கிடைச்சா வீட்டுச் சாப்பாட்டோட போய் வரலாம், கொழும்புப் பக்கம் மொறட்டுவைக் கம்பஸ் கிடைச்சா ரூம் வாடகை, சாப்பாடு, லப்டொப் எண்டு மாசா மாசம் காசு போய்க்கொண்டே இருக்கும்.

முதல்ல மகாபொல எண்ட அரசாங்கப் புலமைப்பரிசில். 1981ல சட்டம் போட்டுத் தொடங்கினது, திறமைக்கும் குடுக்கினம், வருமானம் குறைஞ்ச வீட்டுப் பிள்ளையளுக்கும் குடுக்கினம். 2025 பட்ஜெட்ல மாசம் 5,000 ரூபாயை 7,500 ஆக்கினவை. மகாபொல கிடைக்கேல்லை எண்டா பேசரி (bursary) எண்ட மாச உதவிக்காசு இருக்கு, அதையும் 4,000ல இருந்து 6,500 ஆக்கினவை. கனபேர் மகாபொல லிஸ்ட்ல பேர் இல்லை எண்டதும் அதோட விட்டிடினம், அப்பிடி விடாதேங்கோ, கம்பஸ்ல மாணவர் நலன் பகுதிக்குப் போய் பேசரி பற்றிக் கேளுங்கோ.

இதில உண்மையில ஆக்கள் தடக்குப்படுறது பேப்பர் வேலையிலதான். ஜீ.எஸ்ஸிட்ட (கிராம சேவகர்) வருமானச் சான்றிதழ் எடுத்து டி.எஸ் ஒபிஸ்ல (பிரதேச செயலகம்) உறுதிப்படுத்த வேணும், ஜீ.எஸ் ஒபிஸ்ல இருக்கிற நாளைக் கேட்டுட்டுப் போங்கோ, இல்லாட்டி சும்மா அலைச்சல். அப்பா கடலுக்குப் போறவர், இல்லாட்டி தோட்டம், கூலி எண்டா சம்பளத் துண்டு எண்டு ஒண்டும் இராது, அப்ப நல்லா உழைச்ச ஒரு மாசத்தைப் பன்னிரண்டால பெருக்கிச் சொல்லிப்போட்டு வராதேங்கோ. வாடைக்காத்துக் காலத்தில எத்தினை நாள் தொழில் இல்லை, தோட்டத்தில உரம் மருந்துக்கு என்ன போச்சு எண்டு ஒரு தாளில எழுதிக்கொண்டு போய் வருசக் கணக்கைக் காட்டுங்கோ, உள்ளதை உள்ளபடி காட்டினாலே காணும், குறைச்சுச் சொல்லி விசாரணையில பிடிபட்டா எல்லாம் போயிடும். தம்பி தங்கச்சி படிக்கினம் எண்டா அவையின்ர பள்ளிக்கூடத்தில அதிபரிட்ட கடிதம் வாங்கி வையுங்கோ. மற்றது பேர். பிறப்புச் சான்றிதழ்ல ஒரு மாதிரி, ஐடென்டிட்டி கார்ட்ல இன்னொரு மாதிரி, பாங்க் புத்தகத்தில இனிஷியல் மட்டும் எண்டு இருந்தா இப்பவே திருத்துங்கோ, கடைசி நேரத்தில ஓடினா சரிவராது. எல்லாத்திலயும் நாலைஞ்சு ஃபோட்டோகொப்பி எடுத்து ஒரு ஃபைல்ல போட்டு வைச்சா வாற எல்லா விண்ணப்பத்துக்கும் அதே ஃபைல்தான்.

இந்தியாவில படிக்க விருப்பமெண்டா, இந்திய அரசாங்கம் வருசா வருசம் இலங்கைப் பிள்ளையளுக்கு ஸ்கொலர்ஷிப் குடுக்குது. டிகிரிக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், மாஸ்டர்ஸுக்கு மௌலானா ஆசாத். படிப்புச் செலவும் மாசக் காசும் வரும், ஆனா மெடிசின் இதில இல்லை. யாழ்ப்பாணத்திலயே இந்தியத் துணைத்தூதரகம் இருக்கு, விபரம் கேட்க கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. விண்ணப்பம் ஒன்லைன்ல, அதுக்குக் காசு இல்லை. இங்கிலிஷில ஒரு கட்டுரை எழுதச் சொல்லுவினம், அதை ஆரிட்டயும் குடுத்து எழுதுவியாமல் நீங்களே எழுதி உங்கட இங்கிலிஷ் டீச்சரிட்டக் காட்டுங்கோ. ஸ்கொலர்ஷிப் எடுத்துத் தாறம், இவ்வளவு கட்டுங்கோ எண்டு ஆரும் வந்தா ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

எங்கட ஆக்களிட்ட இருக்கிற பெரிய பலம் வெளிநாட்டில இருக்கிற ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும். ரொறன்ரோ, லண்டன் கிளையள் கனக்கப் பிள்ளையளைப் படிப்பிக்கினம், தொண்டைமானாறு சந்நிதியான் ஆச்சிரமம் மாதிரி இடங்களும் படிப்புக்கு உதவி செய்யினம். ஆனா அவையளுக்கு "நாங்கள் சரியான கஸ்டம், உதவி செய்யுங்கோ" எண்டு மட்டும் எழுதினா என்ன செய்யிறதெண்டு அவையளுக்கு விளங்காது. ஒரு பக்கத்தில இப்பிடி எழுதுங்கோ: "நான் பேராதனையில விவசாயபீடம் முதலாம் வருசம். அப்பா இல்லை, அம்மா தையல் வேலை. ரூம் 8,000, சாப்பாடு 15,000, பேசரி 6,500 கிடைக்குது, மாசம் 16,500 குறையுது." கணக்கு உங்கட உண்மையான கணக்காய் இருக்க வேணும். அதிபரின்ர கடிதம், கம்பஸ் அனுமதிக் கடிதம் ரெண்டையும் சேர்த்து அனுப்புங்கோ. காசு வரத் தொடங்கினா ஒவ்வொரு செமஸ்டரும் கேட்க முதலே ரிசல்ட்டை அனுப்பி விடுங்கோ, உங்களுக்குப் பிறகு வாற பிள்ளைக்கும் அதாலதான் கிடைக்கும். இதில வெக்கப்பட ஒண்டுமில்லை, தாறவையில கனபேர் இப்பிடி ஆரோ குடுத்துப் படிச்ச ஆக்கள்தான்.

அரச கம்பஸ் கிடைக்காத பிள்ளையள் சோர்ந்து போகாதேங்கோ. யாழ்ப்பாணம் குருநகரில இருக்கிற உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில முழுநேர எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) படிப்புக்குக் கட்டணம் இல்லை. தனியார் டிகிரி எண்டா 2017ல தொடங்கின வட்டியில்லாக் கடன் இருக்கு, அங்கீகாரம் கிடைச்ச கோர்ஸுகளுக்கு மட்டும்தான், வட்டியை அரசாங்கம் கட்டும், எடுத்த கடன் காசை நீங்கள்தான் திருப்பிக் கட்ட வேணும். கடன் எடுக்கப் போறீங்கள் எண்டா பிணைக்கு ஆர் நிக்கினம், எப்ப இருந்து மாசம் எவ்வளவு கட்ட வேணும் எண்டதை பாங்கில எழுத்தில கேட்டு வாங்கி, வீட்டில அம்மா அப்பாவோட இருந்து வாசிச்ச பிறகு கையெழுத்து வையுங்கோ.