சூப்பர் ஹீரோ அணிக்கு இனவெறிக் கும்பலை எதிரியாக வைத்து எழுதுவது எப்படி

இத்தகைய கதையை எழுத உட்காருபவர்கள் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. நாயகர்களின் மனமுறிவுக்குப் பத்துப் பக்கம், கும்பலுடன் நடக்கும் சண்டைக்குப் பத்துப் பக்கம் என்று ஒதுக்கி, இரண்டு கதைகளை ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். அதைத் தவிர்க்க, வில்லனின் முகமூடியையும் நாயகனின் ஆயுதத்தையும் பற்றி யோசிப்பதற்கு முன்பு, இரண்டு துயரங்களுக்கும் பொதுவான ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள். அந்த ஆள் கிடைத்துவிட்டால் கதையில் பாதி எழுதி முடிந்த மாதிரிதான்.

அமெரிக்காவில் 1966 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வெளிவந்த, 'அவெஞ்சர்ஸ்' என்னும் சூப்பர் ஹீரோ அணிப் படக்கதைத் தொடரின் 32, 33ஆம் இதழ்களை இதற்குப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். கதை ஸ்டான் லீ, ஓவியம் டான் ஹெக். தலைமறைவாக இயங்கும் இனவெறிக் கூட்டமான 'சர்ப்பத்தின் புதல்வர்கள்' அதில் எதிரி. அதே சமயத்தில் அணியின் நாயகர்களில் ஒருவரான கோலியாத் என்னும் ஹாங்க் பிம், பத்து அடி உயரத்திலேயே சிக்கிக்கொண்டு, பழைய உருவத்துக்குத் திரும்ப வழியில்லாமல் தவிக்கிறார். தன்னைக் குணப்படுத்த உதவும்படி அவர் அழைத்துக்கொள்ளும் உயிர்வேதியியல் அறிஞர் பில் ஃபாஸ்டர் ஒரு கறுப்பினத்தவர். அந்த ஃபாஸ்டரைத்தான் கும்பல் அடித்துப் போடுகிறது. பிம்மின் சொந்தத் துயரமும் ஊரை மிரட்டும் வெறியும் ஒரே மனிதரின் உடம்பில் வந்து சேர்வதால், சண்டைக்குப் போவதற்கான காரணத்தை எழுத்தாளர் தனியாக விளக்க வேண்டிய தேவை எழவில்லை.

இந்தக் கண்ணியை நீங்கள் இன்னும் இறுக்கலாம். ஃபாஸ்டர் பிம்முக்காகவே ஆய்வுக்கூடத்தில் இரவு வெகுநேரம் தங்கிவிட்டுத் தனியாகத் திரும்பும் வழியில் அடிபட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் காட்சியை நான்கு கட்டங்களில் எழுதிப் பாருங்கள். முதல் கட்டத்தில் ஏழு அடிக் கதவும் அதற்கு வெளியே நிற்கும் ஒருவரின் இடுப்பும் மட்டும் தெரிகின்றன. இரண்டாவதில் பிம் மண்டியிட்டுத் தலையை உள்ளே நுழைக்கிறார், தோள் நுழையவில்லை. மூன்றாவதில் கட்டுப் போட்ட முகத்தோடு ஃபாஸ்டர், ஆய்வுக்குறிப்பு எழுதிய நோட்டு எந்த மேசையில் இருக்கிறது என்று சொல்கிறார். நான்காவதில் பேச்சே இல்லை. கதவுச் சட்டத்தைப் பற்றியிருக்கும் பிம்மின் கை மட்டும். குற்றவுணர்வு என்ற சொல்லை எங்கும் எழுதத் தேவையில்லை. (தமிழில் சொற்கள் நீளமானவை, ஒரு வசன பலூனுக்குள் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் திணித்தால் ஓவியர் உங்களைத்தான் சபிப்பார்.)

அணியில் உள்ள எல்லோருக்கும் ஆளுக்கொரு சோகத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டாம். ஒருவருக்கு ஆழமான காயம், இன்னொருவருக்கு இலேசான வலி, மற்றவர்களுக்கு வேலை, அது போதும். பிளாக் விடோ என்னும் பெண் உளவாளிமீது அணியின் வில்லாளி ஹாக்ஐ கொண்ட காதல் அந்தக் காலத்துக் கதைகளில் இரண்டாம் இடத்தில்தான் ஓடுகிறது. எந்த மனவலியாக இருந்தாலும், கதையின் நடுவில் அது ஒரு முடிவைத் தவறாக எடுக்க வைக்க வேண்டும். வெறுமனே ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்க்கும் சோகத்தை வாசகர் இரண்டாவது பக்கத்திலேயே தாண்டிவிடுவார்.

இனி கும்பலுக்கு வருவோம். எழுதுபவர்கள் மிகவும் சோம்பல்படும் இடம் இதுதான். அங்கி, சின்னம், உறுதிமொழி ஆகியவற்றை வரைந்துவிட்டால் கும்பல் உருவாகிவிடாது. அதற்கு ஆள் எப்படிச் சேர்கிறது, காசு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். 1920களில் அமெரிக்காவில் இயங்கிய வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானில் சேர்வதற்குக் கட்டணம் 10 டாலர். அதில் 4 டாலர், ஆளைச் சேர்த்துவிட்ட முகவருக்குப் போனது. அங்கி விற்பனையிலும் பணம் புழங்கியது. இந்த ஒரு விவரம் பத்து மேடைப் பேச்சுகளைவிடக் கூடுதலாக உங்களுக்கு உதவும், ஏனெனில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கையொப்பம் வாங்கிக் கமிஷன் எண்ணும் ஒரு பாத்திரம் அதிலிருந்து பிறக்கிறது. தலைவனுக்கு நீண்ட வீராவேச உரை எழுதாதீர்கள். நன்றாக எழுதினால் அது பிரச்சாரமாகிவிடும், மோசமாக எழுதினால் கும்பல் கோமாளிக் கூட்டமாகிவிடும். அவன் பேசத் தொடங்கும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகங்களுக்குக் காட்சியைத் திருப்பிவிடுங்கள்.

முகமூடிக்குப் பின்னால் யார் என்ற கேள்வியில்தான் 1966ஆம் ஆண்டுக் கதை சறுக்கியது. சர்ப்பத் தலைவனின் முகமூடி விலகும்போது உள்ளே இருப்பவர் அமெரிக்காவைப் பிளவுபடுத்த வந்த அயல்நாட்டுத் தளபதி. உள்ளூரில் விளைந்த வெறுப்புக்கு வெளியூர் விதை என்று காட்டியதால், அடித்தவர்களின் அண்டை வீட்டார் நிம்மதியாகத் தூங்கலாம். எழுத்தாளர் ராய் தாமஸ் 1970இல் அவெஞ்சர்ஸ் 73, 74ஆம் இதழ்களில் அதே கும்பலை மீண்டும் கொண்டுவந்தபோது, தொலைக்காட்சியில் எதிரெதிராக வாதிட்டு மக்களைச் சூடேற்றும் வெள்ளையர் ஒருவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் கூட்டாளிகளாகத் தலைமையில் இருப்பதாக அமைத்தார். முந்தையதைவிட இது கூர்மையானது என்றாலும், இரு தரப்பும் சமம் என்ற தொனி அதில் எனக்கு உறுத்துகிறது.

இவ்விரண்டையும்விடச் சிறந்த மாதிரி, அணிக் கதை அல்லாத ஒன்றில் இருக்கிறது. 1946இல் சூப்பர்மேன் வானொலித் தொடரில் 16 பகுதிகளாக ஒலிபரப்பான ஒரு கதையில், சீன அமெரிக்கச் சிறுவன் ஒருவன் பேஸ்பால் அணியில் பந்து வீசும் இடத்தைப் பிடிக்கிறான். அதனால் இடத்தை இழந்த சிறுவன் சக் ரிக்ஸ், தன் வீட்டில் போய்ப் புலம்புகிறான். அதைக் கேட்கும் அவன் மாமாதான் உள்ளூர்க் கும்பலின் தலைவர். மேலிடத் தலைவனோ, கும்பலின் கொள்கையை இவர் உண்மையாகவே நம்பிவிட்டாரே என்று ஏளனம் செய்கிறான்; அவனுக்கு இது வியாபாரம். சிறுவனின் சிறிய மனத்தாங்கல், மாமாவின் வெறி, மேலே இருப்பவனின் கல்லாப்பெட்டி ஆகிய மூன்று படிகளையும் உங்கள் கதைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளுங்கள். முகமூடியைக் கழற்றும்போது, முன்பே ஏதோ ஒரு பக்கத்தில் வாசகர் பார்த்துச் சிரித்த முகம் வெளிப்பட வேண்டும்.

கடைசிச் சண்டையில் தலைவனைப் பிடிக்கட்டும். எல்லோரையும் பிடித்துவிட வேண்டாம். தப்பியோடியவர்களில் ஒருவனை இறுதிப் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டர் குணமாகி, வழக்கமான மருந்துக்கடைக்கு வருகிறார்; கவுண்டரில் சில்லறையை எண்ணித் தரும் கையின் மணிக்கட்டில், முன்பு இருட்டில் பிம் பற்றியதால் ஏற்பட்ட கன்றல் இருக்கிறது. ஃபாஸ்டர் அதைக் கவனித்தாரா இல்லையா என்பதை ஓவியர் வரையட்டும். நீங்கள் வசனம் எழுதாதீர்கள்.