வெப்ளி மார்க் 6 ரிவால்வர்: துடைப்பதற்கு முன் படியுங்கள், படித்தபின் பாதுகாத்து வையுங்கள்

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய வெப்ளி ரிவால்வர் ஒன்று கைக்கு வந்ததும் எண்ணெயும் துணியுமாக உட்கார்ந்துவிடுவது பலருடைய வழக்கம். எண்ணெய் கடைசி வேலை. முத்திரைகள், நீலப் பூச்சு தேய்ந்திருக்கும் இடங்கள், ஆறு தோட்டா அறைகள் கொண்ட சிலிண்டரின் பின்முகத்து உலோக நிறம் என எல்லாமே அந்த ரிவால்வரின் வரலாற்றைச் சொல்பவை. தவறான முறையில் தேய்த்து அழித்துவிட்டால் அவற்றைத் திரும்ப எழுத வழியில்லை. துருவால் கெட்ட வெப்ளிகளைவிடப் பளபளப்பாக்கிக் கெடுத்தவையே அதிகம் கண்ணில் படுகின்றன.

காலியாக இருக்கிறதா?

குழல் வாய் பாதுகாப்பான திசையைப் பார்த்திருக்கட்டும், ட்ரிகரில் விரல் வேண்டாம். ஹாமருக்கு அருகில் இடது பக்கம் இருக்கும் நெம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் மேல்தாழ் பின்னால் விலகும். குழலைக் கீழே சாய்த்து மெதுவாக மடியுங்கள். மடிய மடிய, நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டர் தானாக எழும்பித் தோட்டாக்களை வெளியே தள்ளும். முழுவதும் மடிந்ததும் சட்டென்று கீழே இறங்கும்.

வேகமாக மடித்தாலோ அரைகுறையாகத் தள்ளினாலோ தோட்டாவின் விளிம்பு நட்சத்திரத்துக்கு அடியில் நழுவிச் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் மூட முயலாதீர்கள். நட்சத்திரத்தை விரலால் மேலே தூக்கிப் பிடித்து, சிக்கியதை உருவுங்கள். பிறகு ஆறு அறைகளையும் கண்ணாலும் விரல் நுனியாலும் சோதியுங்கள். குழலுக்குள் பின்பக்கமிருந்து சிறு விளக்கை அடித்து, அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

உயிருள்ள தோட்டா கிடைத்தால் அதைப் பிரிக்கவோ சூடாக்கவோ எண்ணெயில் ஊறவைக்கவோ கூடாது. காவல்துறையிடம் சொல்லி ஒப்படைப்பதுதான் முறை. குழலில் ஈயக்குண்டு சிக்கியிருந்தால் தட்டி எடுக்காமல் துப்பாக்கித் தச்சரிடம் கொண்டுபோங்கள்.

எந்த மார்க்?

மார்க் என்பது மாதிரியின் வரிசை எண். பிரிட்டிஷ் ராணுவம் மார்க் 1-ஐ 1887-இல் ஏற்றது. மார்க் 4 வந்தது 1899-இல். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரோடு சேர்த்துப் பேசப்படுவது அதுதான். மார்க் 5-க்கு 1913. மார்க் 6 ஏற்கப்பட்டது 1915 மே மாதம். முந்தியவற்றின் கைப்பிடி பறவை அலகுபோல வளைந்து முடியும். மார்க் 6-இன் கைப்பிடி சதுரமாக, அகன்று முடியும். குழல் 6 அங்குலம், முழு நீளம் சுமார் 286 மி.மீ., எடை ஏறக்குறைய 1.1 கிலோ, குழலுக்குள் வலப்பக்கம் சுழலும் 7 வரிகள் (குண்டைச் சுழலவைக்கும் பள்ளங்கள்). கைப்பிடியின் அடியில் கயிறு மாட்டும் வளையம்.

பர்மிங்காமில் வெப்ளி அண்ட் ஸ்காட் நிறுவனம் மார்க் 6-ஐச் செய்தது. 1921 முதல் 1926 வரை என்ஃபீல்டில் இருந்த அரசு ஆலை செய்தது. கிரீடத்தோடு என்ஃபீல்டு என்ற பெயர் பொறித்திருந்தால் அது பிந்தைய வகை. வடிவம் ஒத்திருந்தும் உடல் சிறுத்து, .38 (தோட்டாவின் அளவு, அங்குலத்தில்) என்று குறித்திருந்தால் உங்களிடம் இருப்பது 1932-இல் ஏற்கப்பட்ட என்ஃபீல்டு நம்பர் 2 ஆகவோ வெப்ளி மார்க் 4 .38 ஆகவோ (1899-இன் மார்க் 4 அல்ல) இருக்கும். அவற்றின் பாகங்கள் இதற்குப் பொருந்தா.

முத்திரைகளைப் படிக்கச் சுண்ணக்கட்டியோ உரசலோ வேண்டாம். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். மங்கிய எழுத்தும் நிழலில் எழும்பி நிற்கும். அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள். அகன்ற அம்புக்குறி அரசு உடைமை என்பதைக் காட்டும். இரண்டு அம்புகள் முனையோடு முனை சந்தித்தால், ராணுவம் அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். சட்டகத்து எண்ணும் சிலிண்டர் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒரு பழுதுபார்ப்பில் சிலிண்டர் மாறியிருக்கிறது. கூட்டாகப் பழகிய பாகங்கள் அல்ல என்பதால் பூட்டின் நேர்த்தியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

சிலிண்டரின் பின்முகம்

மார்க் 6-க்கு உரியது .455 தோட்டா, அதன் விளிம்பு மெல்லியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்கச் சந்தைக்குப் போன ஏராளமான வெப்ளிகளின் சிலிண்டர்கள் பின்பக்கம் சீவப்பட்டன. அரைநிலா வடிவக் கிளிப்பில் .45 ஏசிபி என்னும் அமெரிக்கக் கைத்துப்பாக்கித் தோட்டாவை மாட்டிச் சுடுவதற்காக. ரிவால்வரை மூடி, சிலிண்டரின் பின்முகத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே ஒளியை விட்டுப் பாருங்கள். சீவாததில் இடைவெளி மெல்லிய கீற்றாகத் தெரியும். சீவியதில் கிளிப் நுழையும் அளவு அகன்றிருக்கும்; பின்முகம் மட்டும் நீலப் பூச்சு இன்றி வெளிறித் தெரிவதும் அடையாளம்.

.45 ஏசிபிக்கு அமெரிக்கத் தரக்குழு வகுத்த உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. .455-க்கு உள்ளது ஏறக்குறைய அதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதாவது ஒவ்வொரு வேட்டும் சிலிண்டரைத் தாங்குதிறன் சோதனைக்கே உட்படுத்துவதற்குச் சமம். முதல் வேட்டில் வெடிக்காதது பாதுகாப்புக்குச் சான்று அல்ல, உலோகத்தில் விரிசல் சேர்ந்துகொண்டே வரும். சீவிய வெப்ளியைச் சேகரிப்பில் வைப்பதில் தவறில்லை. பதிவேட்டில் 'சீவப்பட்டது' என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.

கழற்றுவது எதுவரை?

சிலிண்டரும் கைப்பிடித் தகடுகளும் போதும். சிலிண்டரைப் பிடித்திருக்கும் கேம் தகட்டின் திருகு இடது பக்கம் இருக்கிறது. அதைத் தளர்த்தி, ரிவால்வரை மடித்து, கேமை விலக்கினால் சிலிண்டர் அச்சிலிருந்து உருவி வரும். வராவிட்டால் இழுக்காதீர்கள், அச்சில் காய்ந்த எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் விடுங்கள்.

திருகின் வெட்டு மிகக் குறுகலானது. சாதாரண திருப்புளியின் முனை சரிவாக இருப்பதால் வெட்டின் அடியில் அமராமல் மேல் விளிம்பைக் கிழிக்கும். பக்கங்கள் இணையாக அரைக்கப்பட்ட முனைதான் வேண்டும், அகலமும் வெட்டின் அளவே. உள்ளே இருக்கும் மெயின் ஸ்பிரிங் 'வி' வடிவம். அதை வெறுங்கையால் கழற்றப் போனால் ஸ்பிரிங் உடையும், அல்லது விரல் கிழியும். காலி அறையில் ஹாமரைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பதும் வேண்டாம்.

உப்பும் துருவும்

பழைய .455 தோட்டாக்களின் கேப்பில் (ஹாமர் அடித்ததும் தீப்பற்றும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாக, சமையல் உப்பின் உறவுக்காரனாக, குழலில் படியும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வரிகளுக்குள் குழி பறிக்கும். உப்பு எண்ணெயில் கரையாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எண்ணெய் பூசினால் உப்பு அடியில் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். கழற்றிய சிலிண்டரின் அறைகளையும் குழலையும் வெந்நீரில் நனைத்த துணித்துண்டால் நாலைந்து முறை துடைத்து, உடனே உலர்த்தி, பிறகே எண்ணெய் போடுங்கள். ஈயப் படிவு இருந்தால் வெண்கலத் தூரிகையை மடித்த குழலின் பின்பக்கமிருந்து செலுத்துங்கள். குழல் வாயின் விளிம்பு தேயாது.

வெளிப்புறத்தில் கெட்டியான பழுப்பு நிறம் நிலைத்துப்போன ஒன்று, தொட வேண்டாம். விரலில் செம்பொடியாக ஒட்டுவதுதான் வளரும் துரு. எண்ணெயை இரண்டு நாள் ஊறவிட்டு, கரடுமுரடான துணியாலோ கூர் தீட்டிய மூங்கில் குச்சியாலோ சுரண்டுங்கள். கடையில் கிடைக்கும் துரு நீக்கிகளில் பெரும்பாலும் அமிலம் இருக்கும். நீலப் பூச்சும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான், எனவே துருவோடு அதுவும் போய்விடும்.

கைப்பிடித் தகடுகள் வல்கனைட் என்னும் கந்தகம் சேர்த்த கெட்டி ரப்பர். வெளிச்சத்தில் பழுப்பேறும். பழசாகும்போது மேற்பரப்பில் அமிலம் கசிந்து அடியிலுள்ள இரும்பை அரிக்கும். தகட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். வெந்நீரும் ஆல்கஹாலும் அதற்கு ஆகாது. ஈரம் பிழிந்த துணியால் ஒரு முறை ஒற்றினால் போதும்.

வைக்கும் இடம்

நைட்ரைல் கையுறையோடு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரினைசான்ஸ் மெழுகை மிக மெல்லியதாகப் பூசி மெருகேற்றுங்கள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். பழைய தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். தோலைப் பதப்படுத்திய பொருள்களும் அது பிடித்துவைக்கும் ஈரமும் நீலப் பூச்சைத் தின்னும். உறையைத் தனியாக, அமிலமற்ற தாளில் சுற்றி வையுங்கள்.

பிரிட்டனில் வைத்திருப்பவர்கள் 1997 துப்பாக்கிகள் திருத்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவைப் படித்துவிட வேண்டும். பழையது என்பதாலேயே கைத்துப்பாக்கிக்கு விலக்கு கிடைத்துவிடாது. வரலாற்றுக் கைத்துப்பாக்கிகளை வீட்டில் வைக்கும் ஏற்பாடு 1919-க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கு மட்டுமே, அதிலும் தோட்டா எளிதில் கிடைக்காத வகைகளுக்கு. ஆகவே 1921-க்குப் பிந்தைய என்ஃபீல்டு முத்திரை இருந்தால் அந்தக் கதவு அடைபட்டதுதான். செயலிழக்கச் செய்ததாகச் சொல்லி விற்பவரிடம் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், அதிலுள்ள எண்ணை ரிவால்வரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.