ஹெட் கேஸ்கெட் வேலையில் பளபளப்புக்கு ஆசைப்படாதீர்கள்

சென்ற வாரம் ஒரு தம்பி தன் பழைய கார் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதற்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுமாறு அழைத்திருந்தார். போய்ப் பார்த்தேன். பிளாக்கின் மேற்பரப்பு புதுப் பாத்திரம்போல் மின்னியது. கீழே, உலோகத்தைத் தேய்க்கும் நார் வட்டு ஒன்று, பாதி தேய்ந்து, டிரில்லில் மாட்டியபடியே கிடந்தது. "எப்படிச் சுத்தம் செய்திருக்கிறேன் பாருங்கள் அண்ணா" என்றார், முகமெல்லாம் மகிழ்ச்சி. எனக்கு அடிவயிறு கலங்கியது. இதே பளபளப்பை ஒரு காலத்தில் நானும் பெருமையோடு நின்று பார்த்திருக்கிறேன்.

பேட்டரி இணைப்பை எடுக்க மறப்பது, குழாய்களுக்கு அடையாளம் வைக்காமல் பிடுங்குவது, போல்ட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் குழப்புவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை அவதிப்பட்டால் அவை தாமாகத் திருந்திவிடும். வேலை முடிந்த அன்று எதுவும் தெரியாமல், வண்டி ஓடத் தொடங்கிய பிறகு கழுத்தை அறுக்கும் தவறுகளைத்தான் சொல்கிறேன்.

ஆயில் மூடியை மட்டும் பார்த்து முடிவுகட்டுவது

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய்போல் ஏதோ படிந்திருக்கிறது. உடனே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்கிறார்கள். எஞ்சின் முழுதாகச் சூடேறும் முன்பே நிறுத்தப்படும் வண்டியில், உள்ளே இருக்கும் ஈரப்பதமே மூடியில் படிந்து இப்படி வெளுக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலும் ஆயில் வெளுத்துக் குழம்பியிருக்கிறதா? வெளியே எங்கும் ஒழுகாமலேயே, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறைகிறதா? நன்றாக ஆறிய எஞ்சினை ரேடியேட்டர் மூடி இல்லாமல் இயக்கினால் குமிழ்கள் விடாமல் வருகின்றனவா? பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டில் மட்டும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம், விழுந்திருக்கிறதா? இவற்றில் இரண்டு மூன்றாவது ஒத்துப்போன பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள்.

சூட்டோடு திறப்பது

வேண்டாம். இரவு முழுவதும் ஆறட்டும். பிறகு ஓரத்துப் போல்ட்டுகளில் தொடங்கி நடுப்பகுதிக்கு வந்து, சிறிது சிறிதாகப் பல சுற்றுகளில் தளர்த்துங்கள்.

பரப்பைத் தேய்த்து மின்ன வைப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய கேஸ்கெட் பல ஆண்டுச் சூட்டில் உலோகத்தோடு ஒட்டிப்போயிருக்கும். சுரண்டினால் துணுக்குத் துணுக்காகத்தான் வரும், கை கடுத்துப்போகும். டிரில்லில் நார் வட்டை மாட்டித் தேய்த்தால் இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்த இருபது நிமிடத்தில்தான் எஞ்சின் பாழாகிறது.

முதல் கேடு, பரப்பு குழிவது. பல எஞ்சின்களின் கையேடுகள் ஹெட்டின் முழு நீளத்துக்கும் 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான் கோணலை அனுமதிக்கின்றன. ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். வேகமாகச் சுழலும் வட்டை ஒரே இடத்தில் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் அலுமினியத்தில் அந்த அளவு போய்விடும். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் இருக்கும் ஒடுங்கிய பாலத்தில்தான் கேஸ்கெட் துணுக்கு அதிகம் ஒட்டியிருக்கும். அங்கேதான் எல்லோரும் அதிகம் தேய்ப்பார்கள். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடமும் அதுவே. பல உலோகத் தகடுகளை அடுக்கிச் செய்த கேஸ்கெட் என்றால் அந்தப் பள்ளத்தை அது மன்னிக்கவே மன்னிக்காது.

இரண்டாவது கேடு இதைவிடப் பெரியது. கண்ணுக்கும் தெரியாதது. அந்த நார் வட்டில் பதிந்திருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. நீலக்கல்லும் மாணிக்கமும் எந்தப் பொருளோ அதே பொருள். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி. வட்டு தேயத் தேய அந்தத் துகள்தான் உதிர்கிறது. உதிர்ந்தது எங்கே போகும்? ஆயில் திரும்பி இறங்கும் துளைகள் வழியாக, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் போகும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் இறங்கும். ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளையில் விழுந்தால் நேராக மேலே, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்குத்தான். அந்தத் துளை ஆயில் ஃபில்டரைக் கடந்த பிறகு வரும் பாதை. நடுவில் தடுக்க எதுவும் கிடையாது.

சம்ப்பில் விழுந்ததை ஃபில்டர் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். பெரும்பகுதியைப் பிடிக்கும். ஆனால் ஆறிய எஞ்சினைக் காலையில் இயக்கும்போது ஆயில் கெட்டியாக இருந்தால், ஃபில்டரின் பக்கவழி வால்வு திறந்து ஆயிலை வடிகட்டாமலேயே அனுப்பிவிடும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். துகள் அங்கே நுழைந்து பேரிங்கின் மென்மையான பூச்சில் பதிந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்த பேரிங் உப்புத்தாள்தான். கிராங்க்கை ஒவ்வொரு சுற்றிலும் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

நான் இதைச் செய்தது என் சித்தப்பாவின் காரில். நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்புப் பிளாக், அலுமினிய ஹெட். வேலை முடிந்து சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பூப்போல ஓடியது. புகை இல்லை, கசிவு இல்லை. மூன்றாவது வாரம், எஞ்சின் சூடேறி நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கத் தொடங்கியது. அடுத்த சில நாட்களில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அடியிலிருந்து கனமான தட்டல் சத்தம். சம்ப்பை இறக்கி, கனெக்டிங் ராட் பேரிங் ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய பரப்பெங்கும் மெல்லிய கோடுகள், இரண்டு இடங்களில் செம்பு எட்டிப் பார்த்தது. நகத்தால் வருடினால் ஒவ்வொரு கோடும் தடுக்கியது. கிராங்க்கை லேத் பட்டறையில் கடைந்து, அளவு மாற்றிய பேரிங்குகள் போட்டு, பிஸ்டன் ரிங்குகளும் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு கேஸ்கெட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அதனால்தான் அந்தத் தம்பியின் எஞ்சினைப் பார்த்ததும் ஒரு கம்பியில் வெள்ளைத் துணியைச் சுற்றி ஆயில் துளைக்குள் விட்டு எடுத்தேன். துணி சாம்பல் பூத்து வந்தது. விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்றது. காந்தத்தை நீட்டினார், ஒட்டவில்லை, ஒட்டவும் ஒட்டாது, அது இரும்பு இல்லை. "துடைத்துவிட்டுப் பூட்டிவிடலாமா அண்ணா?" என்றார். முடியாது தம்பி என்றேன். பிஸ்டன்களை வெளியே எடுத்து, சம்ப்பை இறக்கி, ஒவ்வொரு ஆயில் வழியையும் தூரிகை விட்டுக் கழுவ வேண்டும். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் செய்தார்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது? முதலில் சிலிண்டர்களுக்குள் துணி அடைத்து, ஆயில் துளைகளையும் கூலண்ட் துளைகளையும் டேப் ஒட்டி மூடுங்கள். கேஸ்கெட்டை இளக்கும் திரவத்தைத் தெளித்து, அது வேலை செய்யும்வரை காத்திருங்கள். பொறுமை இல்லாமல் முதல் நிமிடத்திலேயே சுரண்டுவதால்தான் கை வலிக்கிறது. அலுமினியத்தில் பிளாஸ்டிக் சுரண்டியை மட்டும் பயன்படுத்துங்கள். வார்ப்பிரும்பில் அகலமான எஃகு அலகைப் படுக்கைவாட்டில் சாய்த்துத் தள்ளலாம். கடைசியில் உலோகத்தில் கறை தெரியும். இருக்கட்டும். கறைக்குத் தடிமன் இல்லை. நகம் தடுக்காதவரை அதை விட்டுவிடலாம். மிகப் பழைய வண்டி என்றால் அந்தக் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள். கம்பித் தூரிகையும் காற்றுக் குழலும் அதன் பக்கமே வரக்கூடாது.

பிறகு நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பாருங்கள். அளவு மீறினால் ஹெட் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். கையால் சமப்படுத்த முடியாது.

போல்ட் துளையில் தேங்கியதை மறப்பது

ஹெட்டைத் தூக்கும்போது கூலண்டும் ஆயிலும் போல்ட் துளைகளில் இறங்கிவிடும். அடி மூடிய துளை என்றால் அது போக இடமில்லை. திரவம் அமுங்காது. போல்ட்டை முறுக்க முறுக்க அந்த அழுத்தம் முழுவதும் பிளாக்கின் மேல்தான். வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். விரிசல் விடாவிட்டாலும், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும். ஹெட் இறுகும் முன்பே அளவு வந்துவிட்டதாகக் 'கிளிக்' என்று ஒலிக்கும். ஒவ்வொரு துளையையும் துணி சுற்றிய கம்பியால் ஒற்றி எடுத்து, மரையைச் சுத்தம் செய்து, போல்ட்டை வெறும் விரலால் கடைசிவரை திருக முடிகிறதா என்று பாருங்கள்.

இழுபட்டு நீண்டுபோன போல்ட்டையே மறுபடி போடுவது

கையேட்டில் ஒரு டார்க் அளவும் அதன்பின் '90 டிகிரி' என்பதுபோல் ஒரு கோணமும் இருந்தால், அவை பெரும்பாலும் ஒருமுறை இழுபட்டு நீளும்படி செய்த போல்ட்டுகள். மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று கையேடு வெளிப்படையாகச் சொல்லாதவரை புதியவற்றைப் போடுங்கள். இறுக்கும்போது நடுவில் தொடங்கி ஓரங்களுக்குப் போக வேண்டும், கையேடு சொல்லும் படிகளில்.

துளை சிறியதாக இருக்கிறதென்று கேஸ்கெட்டை வெட்டுவது

கூடாது. எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு கூலண்ட் போக வேண்டும் என்பதை அந்தச் சிறு துளைகள்தாம் தீர்மானிக்கின்றன. மேல்பக்கம், முன்பக்கம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வையுங்கள்.

சிலிக்கான் பசையைப் பிதுக்குவது

ஹெட் கேஸ்கெட்டுக்குப் பசையே வேண்டாம், கையேடு குறிப்பிட்ட மூலைகளைத் தவிர. சம்ப்பில் பசை பூச வேண்டிய எஞ்சினிலும் மெல்லிய கோடு போதும். வெளியே பிதுங்கி நிற்கும் அதே அளவு உள்ளேயும் பிதுங்கி நிற்கிறது. அது அறுந்து விழுந்தால் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

டேப்பெட் கவரை இறுக்கிக்கொண்டே போவது

ஹெட்டின் மேல் மூடும் இந்தக் கவர் கசிகிறது என்று இறுக்குவார்கள், கவர் வளையும், இன்னும் கசியும். கார்க் கேஸ்கெட் என்றால் பிதுங்கி வெளியே வந்துவிடும். இந்தச் சிறு போல்ட்டுகளுக்குப் பல எஞ்சின்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவே போதும். புது கேஸ்கெட் போட்டும் கசிந்தால், எஞ்சினின் உள்ளழுத்தத்தை வெளியேற்றும் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் ஆயில் எந்த இடுக்கிலாவது வழி தேடும்.

எஞ்சின் ஏன் சூடானது என்று பார்க்காமல் பூட்டுவது

ஹெட் கேஸ்கெட் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. அலுமினியம், வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ஹெட்டும் பிளாக்கும் கேஸ்கெட்டை நடுவில் வைத்து உரசிக்கொள்கின்றன. அளவு மீறிச் சூடானால் ஹெட்டே கோணிவிடும். ரேடியேட்டர், மின்விசிறி, வாட்டர் பம்ப், சூடேறியதும் கூலண்டுக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி ஆகிய ஐந்தையும் பார்க்காமல் போடும் கேஸ்கெட்டுக்கு அதே கதிதான்.

அந்தத் தம்பியின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, வெப்பமானியோடு தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை ஏற்றினோம். அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது, அது திறக்கத் தொடங்க வேண்டிய டிகிரி. 82 வந்தது, 90 வந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்தபோதும் வால்வு மயிரிழைகூடத் திறக்கவில்லை.