நூறு டைவ் முடித்தால் இன்ஸ்ட்ரக்டரா? புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

"அண்ணா, ஐ.டி. வேலைய விட்டுட்டேன். ஆறு மாசத்துல ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர் ஆகிடலாம்ல?"

அந்தமானில் சீசன் தொடங்கும் அக்டோபரில் இப்படி இரண்டு மூன்று பேராவது போன் செய்துவிடுவார்கள். விதிப்படி பார்த்தால் ஆகலாம். உலகெங்கும் நிறைய பேர் எடுக்கும் பாடி சான்றிதழையே வைத்துக்கொள்வோம் (உடம்பு அல்ல, 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய பயிற்சி அமைப்பின் பெயர்). ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ, டைவ்மாஸ்டர் என்று படிப்படியாக ஏற வேண்டும். அடுத்து ஐ.டி.சி. என்ற இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி, கடைசியில் ஐ.இ. என்ற தேர்வு. வயது 18 ஆகியிருக்க வேண்டும், முதல் சான்றிதழ் வாங்கி ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும், தேர்வுக்குப் போகும்போது லாக் புக்கில் (ஒவ்வொரு டைவையும் எழுதிவைக்கும் நோட்டு) 100 டைவ் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு டைவ் என்றால் ஐம்பதே நாள். கணக்கு இவ்வளவு அழகாக வருவதுதான் வினை.

அந்த நூறில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் நீமோ ரீஃப் என்று ஒரு இடம் உண்டு. கரையிலிருந்து நடந்தே இறங்கலாம், ஆழம் குறைவு, சுற்றுலா வருபவர்களுக்கு முதல் டைவ் பெரும்பாலும் அங்கேதான். எழுபது டைவ் அங்கேயே போட்டுவிட்டு ஐ.டி.சி.க்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிக்சன்ஸ் பினாக்கிள் மாதிரி ஆழமான இடத்தில் நீரோட்டம் இழுக்கும்போது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று முழிப்பார்கள். நூறு என்பது குறைந்தபட்ச வரம்பு. கலங்கிய நீர், இரவு, நீரோட்டம், படகில் வாந்தி, கூட இறங்கியவர் பயந்துபோவது, இவையெல்லாம் அதற்குள் கொஞ்சமாவது வந்திருக்க வேண்டும். வராவிட்டால் ஒரே டைவை நூறு முறை எழுதிய லாக் புக்தான் கையில் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்த நூறு டைவிலும் நீங்கள் மீனைப் பார்த்தீர்கள். இன்ஸ்ட்ரக்டருக்கு மீன் கிடையாது, எதிரில் இருப்பவரின் கண்தான். மாஸ்க்குக்குள் கண் அகல விரிகிறதா, மூச்சுக் குமிழி சீராக வருகிறதா, கை எதையாவது தேடித் துழாவுகிறதா? ஐ.இ.யில் சோதிப்பதும் இதைத்தான். தேர்வாளர் உங்கள் பயிற்சி மையத்து ஆள் இல்லை, அமைப்பு அனுப்பும் வெளியாள். உங்களோடு தேர்வு எழுதுபவர்களே மாணவர்களாக நடிப்பார்கள். யார் எந்தத் தவறு செய்ய வேண்டும் என்று தேர்வாளர் ரகசியமாகச் சொல்லி வைத்திருப்பார். மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றும்போது ஒருவர் மூக்கால் ஊதாமல் வாயால் ஊதுவார், இன்னொருவர் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை இழுக்க வாயில் கடித்துக்கொள்ளும் கருவி) வாயில் இல்லாத நேரத்தில் குமிழி விடாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அதைக் கண்டுபிடித்து, அந்த நொடியிலேயே திருத்த வேண்டும். தான் செய்துகாட்டுவதில் கெட்டிக்காரராக இருப்பவர்கள் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

மூச்சைப் பிடிப்பது என்றதும் நம் ஊர் ஆட்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தவர்கள் பரம்பரையாக மூச்சடக்கியே குளித்தவர்கள். கிணற்றில் நீச்சல் பழகிய நமக்கும் தண்ணீருக்குள் தலை போனால் மூச்சைப் பிடி என்பது உடம்பில் ஊறியிருக்கிறது. ஸ்கூபாவில் அதே பழக்கம் ஆளைக் கொல்லும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த ஆறு லிட்டர் காற்று, வெளியே விடாமல் மேலே வந்தால் பன்னிரண்டு லிட்டராக விரியப் பார்க்கும், நுரையீரலில் அதற்கு இடமில்லை. நான்கடி நீச்சல் குளத்தில்கூட இப்படி நுரையீரல் கிழியலாம். இதைத் தமிழ் மாணவருக்குச் சொல்லும்போது "மூச்சைப் பிடிக்காதீங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது பெரிய தவறு. அவர் முப்பது வருடமாகச் செய்துவந்ததை விடச் சொல்கிறீர்கள். ஏன் என்று புரியவைத்து, குளத்தில் பத்து முறை செய்யவைத்து, பிறகுதான் கடல்.

(கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதும் இதே கதைதான். கரையில் அது "சூப்பர்", தண்ணீருக்குள் "மேலே போகலாம்". சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கிய புதுமாப்பிள்ளையை மேலே கூட்டிவந்துவிட்டு, அவர் மனைவியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.)

செய்துகாட்டுவதில் ஒரு தவறு, வேகம். நமக்குப் பழகிப்போன வேலை என்பதால் மூன்று நொடியில் மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றியாகிவிடும். பார்ப்பவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. ஒவ்வொரு அசைவையும் நிறுத்தி, பெரிதாக்கி, கொஞ்சம் நாடகம் மாதிரி காட்ட வேண்டும். அதையும் மணலில் மண்டியிடாமல், மிதந்தபடியே செய்யப் பழகுங்கள். மண்டியிட்டுக் கற்றவர் பவளப்பாறை மேலும் மண்டியிடுவார்.

தன் உடம்பை மறந்துவிடுவது அடுத்த தவறு. காற்றுத் தீர்ந்தால் ஒரே மூச்சில் "ஆ..." என்று விட்டுக்கொண்டே மேலேறும் பயிற்சியை ஆறு முதல் ஒன்பது மீட்டரிலிருந்து ஒவ்வொரு மாணவராகச் செய்யவைக்க வேண்டும். மாணவர் ஒருமுறை ஏறுவார். நான்கு மாணவர் என்றால் நீங்கள் நான்கு முறை ஏறி, மூன்று முறை திரும்ப இறங்குவீர்கள். இப்படி மேலும் கீழும் போய்வந்தால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி ஆளை முடக்கிவிடலாம். மாணவர்களை வெவ்வேறு டைவுகளில் பிரித்துப் போட்டால் சமாளிக்கலாம். தொடர்ந்து பல நாள் டைவ் செய்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை மாணவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் மாலையில் டைவ் முடித்து மறுநாள் காலை ஃபிளைட் பிடிக்கும் இன்ஸ்ட்ரக்டர்களை எனக்குத் தெரியும்.

சளியோடு இறங்குவதும் அப்படித்தான். "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று அடைத்த காதை அழுத்தித் திறந்து, செவிப்பறை கிழிந்து, ஒரு சீசனையே இழந்தவன் நான். அன்று லீவு சொல்லியிருந்தால் போயிருப்பது ஒரு நாள் சம்பளம். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமாவை மறைத்து, தெரிந்த டாக்டரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிவருபவர்களும் உண்டு. ஐ.டி.சி.க்கு மருத்துவர் கையெழுத்து கட்டாயம், கடந்த 12 மாதத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்களை நம்பித்தான் நீச்சல் தெரியாதவர்கள் இறங்கப்போகிறார்கள்.

நீச்சல் பற்றிப் பயப்பட வேண்டாம். டைவ்மாஸ்டர் படிப்பில் 400 மீட்டரை நிற்காமல் நீந்த வேண்டும், எந்த முறையில் நீந்தினாலும் சரி. கிணற்று நீச்சலும் செல்லும், மூச்சுதான் பழக வேண்டும். எழுத்துத் தேர்வும் மலையல்ல, ஒவ்வொரு பிரிவிலும் 75 சதவீதம் எடுத்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், இயற்பியலில் நூறு வாங்கும் என்ஜினியர்கள், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்ற விதிமுறைத் தேர்வில் தடுமாறுவார்கள். எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று அதுவரை புரட்டியே பார்த்திருக்க மாட்டார்கள்.

பணக் கணக்கில் எல்லோரும் ஒரே இடத்தில் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் ஐ.டி.சி. கட்டணம் மட்டும். தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், பாடப் புத்தகங்கள், முதலுதவி இன்ஸ்ட்ரக்டர் தகுதி, சொந்த உபகரணம், இன்ஷூரன்ஸ், வருடாவருடம் புதுப்பிக்கும் தொகை எல்லாம் தனி. சேரும் முன் இத்தனையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எந்த அமைப்பு உசத்தி என்ற சண்டையில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். வேலை செய்ய நினைக்கும் ஊரில் எது ஓடுகிறது என்று பாருங்கள். எஸ்.எஸ்.ஐ. (பாடி மாதிரி இன்னொரு பயிற்சி அமைப்பு) இன்ஸ்ட்ரக்டர் அந்த அமைப்பின் மையம் ஒன்றோடு சேர்ந்துதான் சொல்லிக் கொடுக்க முடியும், பாடி இன்ஸ்ட்ரக்டர் தனியாகவும் நடத்தலாம். தாய்லாந்தின் கோ தாவோவில் படித்துவிட்டு, டூரிஸ்ட் விசாவிலேயே அங்கே வேலையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே வொர்க் பெர்மிட் இல்லாமல் வேலை பார்ப்பது குற்றம்.

சரி, போன் செய்த தம்பிக்கு நான் சொன்னது இதுதான். டைவ்மாஸ்டர் வரைக்கும் படித்துக்கொள், ஐ.டி.சி.க்கு இப்போது பணம் கட்டாதே. ஒரு சீசன் முழுக்க ஏதாவது டைவ் சென்டரில் வேலை செய். காற்று நிரப்பிய அலுமினிய சிலிண்டர் ஒன்று பதினேழு கிலோ பக்கம் இருக்கும், படகுக்கும் கரைக்கும் தினம் இருபது சிலிண்டராவது தூக்க வேண்டிவரும். டைவ் உடையான வெட்சூட்டை அலசு, படகில் வாந்தி எடுப்பவர் முதுகைத் தடவு, இந்தியில் நாலு வார்த்தை பழகு, மாணவர்களுக்குப் பின்னால் மிதந்து அவர்கள் கண்ணைப் பார். மே மாதம் முடிந்து மழை இறங்கி, கடல் கலங்கி, படகெல்லாம் கரையேறிய பிறகும் ஆசை அப்படியே இருந்தால், ஜூனில் ஒரு போன் போடு.